நாலு நாள் உடுத்த... 361 நாள் பூட்டி வைக்க!

ஒரு டிரெஸ் எப்போ கெட்டுப்போகுது மக்களே? போட்டுக்கறப்பவா, போடாம இருக்கறப்பவா?

'போட்டுக்கறப்பதான்'னு நினைச்சா, உங்க வீட்டு பீரோவைத் திறங்க. ஸ்கூல் ஃபேர்வெல்லுக்கு ஒரே ஒரு தடவை போட்ட கோட்டு ஒண்ணு அடியில கிடக்கும். எடுத்து விரிச்சுப் பாருங்க. எங்கெல்லாம் மடிப்பு விழக்கூடாதோ அங்கெல்லாம் கோடு கோடா விழுந்திருக்கும். எங்க மடிப்பு நிக்கணுமோ அங்க ஒண்ணும் இருக்காது. காலர்ல ஒரு வாசனை... அது சென்ட் இல்ல!

'போட்டுக் கிழிச்சது கொஞ்சம், வெச்சுக் கெடுத்தது ஜாஸ்தி'. இது எங்கப்பாவோட கணக்கு. முப்பது வருஷமா குன்னூர்ல சலவைக்கடை வெச்சிருக்கார். நான் கோயம்புத்தூர்ல டெக்ஸ்டைல் டெக்னாலஜி மூணாவது வருஷம். அதாவது, அப்பா கையால செய்யறதை நான் ஃபார்முலாவோட படிக்கிறேன்.

அப்பாவுக்கு ஊர்ல ஒரு பட்டப்பேர் உண்டு... 'பாவாடை மாஸ்டர்'. காரணம், மலைமேல இருக்கற ஒரு போர்டிங் ஸ்கூல். அந்த ஸ்கூலோட பைப் பேண்டு பசங்க, ஸ்காட்லாந்து ஆளுங்க மாதிரி கில்ட் கட்டிக்கிட்டு பேக்பைப் வாசிப்பாங்க. மொத்தம் 26 கில்ட். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, ஸ்போர்ட்ஸ் டே, ஆண்டு விழா... வருஷத்துக்கு நாலே நாள்தான் அதுக்கு வேலை. மீதி 361 நாளும் பெட்டிக்குள்ளதான். அந்த நாலு நாளும் மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும்னா, இந்த 361 நாளை ஒழுங்கா கவனிச்சாகணும். அதுதான் அப்பாவோட வேலை.

காலேஜ்ல சேர்ந்த புதுசுல, 'உங்கப்பா ஆம்பளைங்க பாவாடைக்கு இஸ்திரி போடறவராமே?'ன்னு ஹாஸ்டல்ல ஒரு வாரம் ஓட்டினாங்க. ஓட்டட்டும் பாஸ். அந்தப் 'பாவாடை'யோட கதையைக் கேட்டா நீங்க ஓட்ட மாட்டீங்க!

எட்டு கஜம்... ஒரு இடுப்பு!

மடிசார் கட்ட ஒன்பது கஜம். நம்ம அக்கா, அம்மா கட்டற சாதாப் புடவை ஆறு கஜம். ஸ்காட்லாந்துல ஒரு முழு கில்ட்டுக்கு எவ்வளவு துணி தெரியுமா? எட்டு கஜம்! கிட்டத்தட்ட ஏழே கால் மீட்டர் கம்பளித் துணி. முன்னாடி ரெண்டு பக்கம் மட்டும் தட்டையா விட்டுட்டு, மீதித் துணி மொத்தத்தையும் கொசுவம் கொசுவமா மடிச்சு இடுப்புக்குப் பின்னாடி கொண்டு வந்து நிறுத்திடுவாங்க. சுமார் இருபத்தஞ்சு முப்பது மடிப்பு வரும். கனமான துணியில தெச்சா எடை ரெண்டு கிலோவைத் தொடும்.

இந்த மடிப்பை ஏனோதானோன்னு மடிக்கிறதில்ல. கட்டம் போட்ட டார்ட்டன் துணியில, ஒவ்வொரு மடிப்பும் எந்த இடத்துல விழணும்னு கணக்கு இருக்கு. மடிச்ச பிறகும் பின்பக்கம் பார்த்தா துணியோட அதே கட்டம் கலையாம தெரியற மாதிரி மடிக்கிறது ஒரு வகை. எல்லா மடிப்பு மேலயும் ஒரே ஒரு கோடு மட்டும் வரிசையா நிக்கற மாதிரி மடிக்கிறது இன்னொரு வகை. ராணுவ கில்ட்டெல்லாம் பெரும்பாலும் ரெண்டாவது வகைதான். இடுப்புல இருந்து புட்டம் வரைக்கும் மடிப்பைத் தெச்சிடுவாங்க. அதுக்குக் கீழ மடிப்பு சும்மா விட்டதுதான். நடக்கறப்ப விசிறி மாதிரி விரிஞ்சு, நின்னதும் மறுபடி மூடிக்கும். அந்த அழகுக்குத்தான் இவ்வளவு துணியும். கீழ ஓரம் அடிச்சுத் தெக்கிறதுகூடக் கிடையாது. தறியில நெய்யறப்பவே வர்ற கரைதான் கீழ் ஓரம்.

'பிரேவ்ஹார்ட்' படத்துல மெல் கிப்சன் கில்ட்ல வந்து கலக்குவாரே, அது சும்மா சினிமா. வில்லியம் வாலஸ் இறந்தது 1305-ல். உடம்பு முழுக்கச் சுத்தி பெல்ட் போட்டுக் கட்டற ஆதி கில்ட் வந்ததே 16-ம் நூற்றாண்டு கடைசியிலதான். இப்ப இருக்கற மாதிரி இடுப்புக்குக் கீழ மட்டும் கட்டறது 18-ம் நூற்றாண்டு சமாசாரம். கல்லோடன் போர்ல ஸ்காட்லாந்தோட ஹைலேண்டு மக்கள் தோத்த பிறகு, 1746-ல பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டுச்சு... ஹைலேண்டு ஆம்பளைங்க யாரும் கில்ட் கட்டக்கூடாது. முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் ஜெயில். ரெண்டாவது தடவை மாட்டினா ஏழு வருஷம் கடல் கடந்து நாடு கடத்தல். ஒரு துணியைக் கட்டினதுக்கு! 1782-ல தான் அந்தச் சட்டத்தை எடுத்தாங்க. முழுசா 36 வருஷம். ராணுவத்துல இருக்கற ஹைலேண்டு ரெஜிமென்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால கில்ட்டும் பைப்பும் ராணுவத்தோட சேர்ந்தே வளர்ந்துச்சு. பிரிட்டிஷ் ராணுவம் போன இடத்துக்கெல்லாம் போச்சு. இந்தியாவுக்கும் வந்துச்சு. இன்னிக்கும் டெல்லி விஜய் சௌக்ல ஜனவரி 29-ம் தேதி பீட்டிங் ரிட்ரீட் நடக்கறப்ப நம்ம ராணுவ பைப் பேண்டு வாசிக்கும். அந்த வழியிலதான் எங்க மலை ஸ்கூலுக்கும் பைப் வந்துச்சு. அப்பாவுக்கு இந்த வேலையைக் கத்துக்கொடுத்ததும், ராணுவத்துல பைப் வாசிச்சு ரிட்டயர் ஆன அந்த ஸ்கூல் பேண்டு மாஸ்டர்தான்.

பார்லர் சயின்ஸ்!

இப்ப கொஞ்சம் கிளாஸ் எடுக்கறேன், பொறுத்துக்கங்க.

குளிச்சிட்டு ஈரத் தலையோட தூங்கி எழுந்திருக்கீங்களா? ஒரு பக்கம் முடி தூக்கிக்கிட்டு நிக்கும். சீப்பை வெச்சு எவ்வளவு இழுத்தாலும் படியாது. தண்ணி தொட்டாதான் படியும். ஆனா பியூட்டி பார்லர்ல ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணினா, தலை குளிச்சாலும் கலையாது. ஏன்?

நம்ம முடியும் ஆட்டு ரோமமும் ஒரே புரோட்டீன்தான்... கெரட்டின். அதுக்குள்ள ரெண்டு வகைப் பிணைப்பு இருக்கு. ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணி பட்டாலே விட்டுடும், காஞ்சதும் எந்த வடிவத்துல இருக்கோ அப்படியே பிடிச்சுக்கும். இன்னொண்ணு கந்தகப் பிணைப்பு. அதை அசைக்க நல்ல நீராவியோ கெமிக்கலோ வேணும். பார்லர்ல விளையாடறது இந்த ரெண்டாவதுகிட்டதான். 1950-கள்ல ஆஸ்திரேலியாவோட சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனம் 'சிரோசெட்'னு ஒரு முறை கண்டுபிடிச்சாங்க. கம்பளி பேன்ட்ல மடிப்பு அழியாம நிக்கறதுக்கு. அதுவும் கிட்டத்தட்ட இந்த பார்லர் வேலைதான்.

வீட்டுல, கடையில சாதாரணமா இஸ்திரி போட்டா மடிப்பு பெரும்பாலும் முதல் பிணைப்பை நம்பித்தான் நிக்குது. அங்கதான் வில்லன் வர்றார்... ஈரம். கம்பளி தன் எடையில மூணுல ஒரு பங்கு அளவுக்குக்கூட ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கும், தொட்டுப் பார்த்தா ஈரமே தெரியாது. எங்க ஊர்ல ஐப்பசி, கார்த்திகையில ஜன்னலைத் திறந்தா மேகம் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். அந்த ஈரம் பெட்டிக்குள்ள போகும். கில்ட் மேல நாலு கம்பளிப் போர்வையை யாராவது அடுக்கி வெச்சிருந்தா? ஈரம், பாரம், நாள்கணக்குல நேரம்.

யோசிச்சுப் பாருங்க, இஸ்திரிப் பெட்டி செய்யற வேலையும் இதேதானே? அது பத்து செகண்ட்ல செய்யும், பீரோ பத்து மாசத்துல செய்யும். பீரோவும் ஒரு இஸ்திரிப் பெட்டிதான் பாஸ். என்ன, நாம மடிச்ச மாதிரி மடிக்காது. அது இஷ்டத்துக்கு மடிக்கும்!

இதை ரெண்டாவது வருஷம் கிளாஸ்ல புரொஃபசர் போர்டுல எழுதறப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கெரட்டின்னா என்னன்னு எங்கப்பாவுக்குத் தெரியாது. ஆனா அந்த போர்டுல இருந்த ஒவ்வொரு வரிக்கும் அப்பா கடையில ஒரு பழக்கம் இருக்கு.

அப்பாவோட சட்டங்கள்

ஒண்ணு: கழட்டினதும் பெட்டியில போடாதே. ஒரு ராத்திரியாவது நிழல்ல காத்தாட தொங்க விடணும். உடம்புச் சூடும் வேர்வையும் போனாதான் கம்பளி தன் நிலைக்கு வரும். அப்புறம் மெத்துனு ஒரு பிரஷ்ஷால மேல இருந்து கீழ தூசி தட்டணும். தண்ணியில முக்கித் துவைக்கவே கூடாது. கறை இருந்தா ட்ரை கிளீனிங். அழுக்கோட மட்டும் உள்ள வெக்கக் கூடாது. ஏன்னு நாலாவது சட்டத்துல.

ரெண்டு: மடிப்பைப் பூட்டு. வெள்ளை நூலை எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு மடிப்பையும் அதோட பழைய கோட்டுல வெச்சு, கீழ் ஓரத்துக்குக் கொஞ்சம் மேல நீள நீளமா ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே போகணும். துணி நிறத்துல நூல் வேணாம். பிரிக்கறப்ப கண்ணுக்குத் தெரியணும். நடுவுல இன்னொரு வரிசை. அதுக்கப்புறம் பிழிஞ்ச பருத்தித் துணியை மேல போட்டு இஸ்திரி. பெட்டியை இழுக்கக் கூடாது. வெச்சு, அழுத்தி, தூக்கி, அடுத்த இடம். முக்கியமான விஷயம், சூட்டோட கில்ட்டைத் தூக்கவே கூடாது. ஆறி, காயற வரைக்கும் மேஜையிலேயே கிடக்கணும். மடிப்பு நிக்கறது சூடு வெக்கறப்ப இல்ல, ஆறறப்பதான்.

மூணு: தொங்க விடு, இல்லேன்னா சுருட்டு. நாலா மடிக்காதே. பீரோவுல உயரம் இருந்தா இடுப்புப் பட்டையை நாலஞ்சு கிளிப் போட்டுத் தொங்க விடலாம். ஸ்காட்லாந்துல கில்ட்டுக்குன்னே தனி ஹேங்கர் இருக்கு. ரெண்டே கிளிப்புல தொங்கவிட்டா ரெண்டு கிலோ எடையில நடுப்பகுதி தொய்ஞ்சிடும். கிளிப்புக்கும் துணிக்கும் நடுவுல ஒரு துண்டுத் துணி வெச்சா பல்லு பதியாது. பக்கத்துத் துணிக்கும் இதுக்கும் உள்ளங்கை நுழையற இடைவெளி விடணும். இடம் இல்லையா? பாய் சுருட்டற மாதிரி பக்கவாட்டுல சுருட்டுங்க. மடிப்புக்கோடெல்லாம் சுருளோட நீளவாட்டுலயே ஓடணும். குறுக்க மடங்கக் கூடாது. ஊர் ஊரா வாசிக்கப் போற பைப்பர்கள் இப்படிச் சுருட்டி, பழைய காலுறையோட நீளக் காலுக்குள்ள சொருகிடுவாங்க. எங்க கடையில அதுக்கு பதில் அப்பாவோட பழைய வேட்டியில தெச்ச உறை!

நாலு: பூச்சிக்குச் சாப்பாடு போடாதே. கம்பளியைத் தின்னறது அந்துப்பூச்சி இல்ல, அதோட புழு. பறக்கற பூச்சி எதையும் சாப்பிடறதில்ல, முட்டை போடறதோட சரி. புழுவுக்குக் கெரட்டின்தான் சாப்பாடு. வேர்வையும் எண்ணெய்க் கறையும் கலந்திருந்தா அதுக்கு பிரியாணி! அதனாலதான் சுத்தம் பண்ணாம உள்ள வெக்கக் கூடாதுங்கறது. நாப்தலின் உருண்டை போட்டா துணி மேல படாம தனிப் பொட்டலத்துல, சின்னக் குழந்தைங்களுக்கு எட்டாத இடத்துல. பூச்சி வந்துடுச்சுன்னு சந்தேகமா? மியூசியங்கள்ல கம்பளித் துணியை பாலிதீன்ல காத்துப் புகாமக் கட்டி, மைனஸ் 18 டிகிரி குளிர்ல ரெண்டு வாரம் வெச்சு புழுவையும் முட்டையையும் அழிக்கிறாங்க. அது சிகிச்சைக்கு மட்டும். மாசக்கணக்குல வெக்கறதுக்கு பாலிதீன் பை வேணாம். எங்க ஊர் ஈரத்துக்கு உள்ளேயே பூஞ்சை பிடிச்சிடும். பருத்தி உறைதான் நல்லது.

இங்க ஒரு ட்விஸ்ட். அம்மாவோட பட்டுப் புடவைக்கு இந்தச் சட்டம் அப்படியே தலைகீழ்! பட்டை ஒரே மடிப்புல வருஷக்கணக்குல வெச்சா, அந்தக் கோட்டுல ஜரிகை ஒடியும், இழை நையும். அதனால மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாத்தணும். கில்ட்டுக்கு மடிப்பை மாத்தவே கூடாது. பட்டுல மடிப்புங்கறது நாம வசதிக்குப் போடறது. கில்ட்டுல மடிப்புதான் கில்ட்டே. அதனால எந்தத் துணியா இருந்தாலும், 'இதுல எது வசதிக்கு, எது உயிர்?'னு ஒரு தடவை கேட்டுட்டு பீரோவுல வெய்யுங்க.

பாலியஸ்டர் வந்தாச்சு

இந்த வருஷம் ஜனவரி 26 முடிஞ்சு கில்ட்டெல்லாம் கடைக்கு வந்தப்ப, கூடவே ஸ்கூல்ல இருந்து ஒரு தகவலும் வந்துச்சு. ஆகஸ்ட் 15-ல இருந்து பசங்களுக்கு ரெடிமேட் பாலியஸ்டர் கில்ட். 'பழசை எல்லாம் ஒரு தடவை சுமாரா கிளீன் பண்ணி அனுப்பிடுங்க. ஸ்டோர்ல போட்டு வெச்சிடறோம்.'

நான் டெக்ஸ்டைல் ஸ்டூடன்ட். அந்த முடிவு முட்டாள்தனம்னு என்னால சொல்ல முடியல. பாலியஸ்டர் சூட்டுல இளகி, ஆறினதும் இறுகற பொருள். ஃபேக்டரியில ஒரு தடவை மடிப்பை வெச்சா மெஷின்ல துவைச்சாலும் போகாது. புழு தின்னாது. ஈரம் ஏறாது. விலை கம்மி. ஸ்காட்லாந்துல கையால தெச்ச ஒரு கம்பளி கில்ட் நூத்துக்கணக்கான பவுண்டு. அதே மாதிரி தெரியற செயற்கை நூல் கில்ட்டை பாகிஸ்தானோட சியால்கோட்ல தெச்சு உலகம் பூரா அனுப்பறாங்க. பட்ஜெட் பார்க்கற ஒரு ஸ்கூல் வேற என்ன பண்ணும்? நடக்கறப்ப அந்த விசிறி விரியாது, துணியில கனம் இருக்காது. ஆனா கிரவுண்டுல ஐம்பது அடி தள்ளி உக்காந்திருக்கற சீஃப் கெஸ்ட்டுக்கு அது தெரியவா போகுது?

அந்த சனி, ஞாயிறு நான் வீட்டுல இருந்தேன். ராத்திரி எட்டரைக்குக் கடையைச் சாத்தினதும் அப்பா வெள்ளை நூல்கண்டை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துட்டார். முதல் கில்ட், முதல் மடிப்பு. 26 கில்ட்டுக்கும் ஓட்டுத்தையல் போட்டு முடிக்க எப்படியும் நாலஞ்சு ராத்திரி ஆகும். அந்த வேலைக்கு பில்லுல தனியா காசு கிடையாது.

"ஏப்பா, இனிமே இதை யாரும் கட்டப் போறதில்ல. சுமாரா பண்ணினாப் போதும்னு அவங்களே சொல்லிட்டாங்க. எதுக்கு இத்தனை தையல்?"

அப்பா ஊசியில இருந்து கண்ணை எடுக்கல.

"என்கிட்ட வர்றப்ப மடிப்போட வந்துச்சு கண்ணு. மடிப்போடதான் போகணும். அதுக்கப்புறம் அவங்க பாடு."

அவ்வளவுதான். லெக்சர் எதுவும் கிடையாது. நானும் ஒரு ஊசியை எடுத்துக்கிட்டு எதிர்ல உக்காந்தேன். ரெண்டு ராத்திரியில நான் ஏழு முடிச்சேன். மீதியை அப்பா முடிச்சார்.

பெட்டி மலை ஏறறதுக்கு முன்னாடி, மேல சொன்ன நாலு சட்டத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி, லேமினேட் பண்ணி மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். இருபது வருஷம் கழிச்சு யாராவது திறந்தா, அந்த வெள்ளை நூல் எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியணுமே! அப்பா வாங்கி, கண்ணாடி போட்டுக்கிட்டு மெதுவா படிச்சார். கெரட்டின் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதை மட்டும் ரெண்டு தடவை படிச்சார். "இதுக்குப் பேர்தானா அது?"ன்னார். அப்புறம், "கீழ இன்னொண்ணு சேர்த்துக்கோ"ன்னு சொல்லி அஞ்சாவது சட்டத்தைக் கொடுத்தார்.

அஞ்சு: மாசம் ஒரு தடவை திறந்து பார்.

புழுவுக்குப் பிடிச்சது இருட்டும், யாரும் தொடாத அமைதியும்தான். திறந்து, உதறி, வெளிச்சம் காட்டினாலே பாதிப் பிரச்னை போச்சு. ஈரம் ஏறியிருந்தா கை வெச்சதும் தெரிஞ்சிடும். மத்த நாலு சட்டமும் ஒரு நாள் வேலை. இது ஒண்ணுதான் வருஷம் பூரா வேலை.

இப்ப அந்தப் பெட்டி ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல இருக்கு. மாசம் ஒரு தடவை யாராவது திறக்கறாங்களான்னு எனக்குத் தெரியாது. செமஸ்டர் லீவுல ஒரு நாள் மலை ஏறி, 'சும்மா பார்த்துட்டுப் போறேன் சார்'னு கேட்கலாம்னு இருக்கேன்.

உங்க வீட்டுல கில்ட் இருக்காதுதான். ஆனா தாத்தாவோட கம்பளிக் கோட்டு, அக்காவோட கல்யாணப் பட்டு, உங்க என்.சி.சி. யூனிஃபார்ம்னு ஏதாவது ஒண்ணு யாரும் தொடாம இருட்டுல கிடக்கும். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி அதை வெளியில எடுங்க. உதறுங்க. நிழல்ல காயப் போடுங்க. எதை மடிக்கணும், எதை மடிப்பு மாத்தணும்னு அம்மாகிட்டயோ, தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணன்கிட்டயோ கேளுங்க. அவங்களுக்கு நிச்சயமா ஒரு சட்டம் தெரிஞ்சிருக்கும். அதைக் கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி, பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க.

உள்ளேயிருந்து பாச்சா உருண்டையோட, போன தீபாவளிக்குத் தொலைச்ச ஐநூறு ரூபாயும் கிடைச்சா... கமிஷன் எனக்கு!